கடிதம் போட்டேன், வாசிக்கவில்லை: வானொலி நேயர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது ரேடியோவைவிட மிக்சியும் படகு பேட்டரியின் சார்ஜரும்தான் அதிகம் வருகின்றன. ஆனாலும் வாரத்துக்கு இரண்டு பேராவது கடை வாசலில் நின்று, "அண்ணே, போன மாசம் ஒரு லெட்டர் போட்டேனே..." என்று ஆரம்பிக்கிறார்கள். வானொலிக்கு எழுதுகிற பழக்கம் எங்கள் கரையில் இன்னும் சாகவில்லை. கடிதமோ மின்னஞ்சலோ, எழுதிவிட்டு ரேடியோவின் முன் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை இருக்கிறார்கள். கேள்விகளும் திரும்பத் திரும்ப அவையேதான். ஒவ்வொரு தடவையும் சால்டரிங் அயர்னைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

மூன்று மாதமாகிறது, என் கடிதத்தை வாசிக்கவே இல்லை. குப்பைத் தொட்டிக்குப் போயிருக்குமா?

பெரும்பாலும் போயிருக்காது. மூட்டையில் இருக்கும்.

ஒரு கணக்குப் போடுங்கள். நேயர் கடித நிகழ்ச்சி கால் மணி நேரம். முகப்பு இசை, வணக்கம், நடுவில் ஒரு பாட்டு, கடைசியில் முகவரி எல்லாம் போனால் மிஞ்சுவது எட்டு நிமிஷம். ஆளுக்கு ஒரு நிமிஷம் என்றாலும் எட்டுக் கடிதம். வாரம் ஒரு நிகழ்ச்சி என்றால் வருஷத்துக்கு 416. எழுதுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் என்ன செய்வார்கள்?

கடிதம் எவ்வளவு குவியும் என்பதற்கு இலங்கை வானொலியின் இந்திச் சேவைதான் பெரிய உதாரணம். 1952 டிசம்பரில் அமீன் சயானி சினிமாப் பாட்டு நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கினார். முதல் நிகழ்ச்சிக்கே ஒன்பதாயிரம் கடிதம் வந்ததாம். பிறகு அது வாரத்துக்கு 65,000 வரை ஏறியது. அப்போது பீகாரில் இருந்த, இப்போது ஜார்க்கண்டில் இருக்கும் ஜும்ரி தலையா என்ற மைக்கா சுரங்க ஊரிலிருந்து வந்த விருப்பக் கடிதங்கள் எத்தனை என்றால், அப்படி ஓர் ஊர் உண்மையிலேயே இருக்கிறதா, இல்லை அறிவிப்பாளர்கள் இட்டுக்கட்டிய பெயரா என்று வெளியூர்க்காரர்கள் கேலி பேசும் அளவுக்கு. அந்தக் கூட்டத்தில் ஒரு கடிதம் ஏறாமல் போனால் அதில் யார் குற்றமும் இல்லை.

இன்னொரு காரணம் நான் கண்ணால் பார்த்தது. ஒரு நிலையத்துக்குள் (பெயர் வேண்டாம்) போகிற வாய்ப்பு ஒரு தடவை கிடைத்தது. மேஜையில் மூன்று குவியல். ஒன்று வாசிக்க, ஒன்று போட்டி விடைகள், மூன்றாவதைச் சணல் கயிற்றால் கட்டி பீரோ மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். அங்கே வேலை பார்த்த பையன் ஒருவன் தபால்தலை சேகரிப்பவன் போலிருக்கிறது. கத்தரிக்கோலை எடுத்து உறைகளின் வலது மேல் மூலையை நறுக் நறுக்கென்று வெட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். தபால்தலையோடு அதன் பின்பக்கம் எழுதியிருந்த அனுப்புநர் முகவரியும் பாதி போய்க்கொண்டிருந்தது. அன்றிலிருந்து நான் எல்லோருக்கும் சொல்வது இது: பெயரையும் முகவரியையும் உறையின் மேல் மட்டும் எழுதாதீர்கள், உள்ளே கடிதத்தின் தலையிலும் எழுதுங்கள்.

அப்புறம், பல நிலையங்கள் நிகழ்ச்சியை முன்கூட்டியே பதிவு செய்துவிடுகின்றன. பொங்கல் வாழ்த்தை பொங்கலுக்கு முந்தின வாரம் தபாலில் போட்டால் அதைத் தமிழ்ப் புத்தாண்டுக்குத்தான் வாசிப்பார்கள்.

வாசித்தார்கள், ஆனால் ஊர்ப் பெயரைக் கெடுத்துவிட்டார்களே?

இது எனக்கே பழகிப்போன வலி. "மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்" என்று எழுதினால், மண்டபம் என்பது ஓர் ஊர் என்று வெளியூர் அறிவிப்பாளருக்குத் தோன்றாது. "ராமநாதபுரத்தில் ஒரு மண்டபத்திலிருந்து நேயர் எழுதுகிறார்" என்று ஒரு புண்ணியவான் வாசித்தார். கல்யாண மண்டபத்தில் குடியிருக்கிறேன் என்று நினைத்தார் போல. ஏர்வாடிக்காரர்களுக்கு வேறு சங்கடம். திருநெல்வேலிப் பக்கமும் ஓர் ஏர்வாடி இருப்பதால், தர்காவுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு எழுதியவரை நெல்லைக்காரர் ஆக்கிவிடுவார்கள். மரைக்காயர்பட்டினம் பாதியில் அறுந்துவிடும். தங்கச்சிமடத்தை ஏதோ மடம் என்று நினைப்பார்கள்.

இதில் சிரிக்க முடியாத கதையும் உண்டு. மண்டபம் அகதிகள் முகாமில் இருக்கும் ஓர் அம்மா மன்னாரிலிருந்து சின்ன வயதில் வந்தவர். அக்கா இன்னும் அங்கேதான். அக்காவின் பிறந்த நாளுக்கு ஒரு பாட்டுக் கேட்டு அந்தக் கரை வானொலிக்கு எழுதினார். என் கடையில் உட்கார்ந்து, என் பேனாவால்தான் எழுதினார். பிறந்த நாள் போய் இரண்டு வாரம் கழித்துப் பாட்டு வந்தது. அது பரவாயில்லை என்றார். அவருக்குக் கோபம் வேறு. "அண்ணா, மண்டபம் எண்டு ஒரு வார்த்தை சொல்லேல்லை. இந்தியாவிலயிருந்து எண்டு மட்டும் சொல்லிப்போட்டினம். என்ர பேரில எத்தனை பேர் இருக்கினம்? அக்காவுக்கு நான்தான் எண்டு எப்பிடித் தெரியும்?" நான் என்ன சொல்வது. அடுத்த கடிதத்தில் ஊர்ப் பெயரை எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு, அடிக்கோடிட்டு எழுதினோம். அதை இன்னும் வாசிக்கவில்லை.

செய்யக்கூடியது ஒன்றுதான்: "மண்டபம் (ஊர்ப் பெயர், பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம்)" என்று அடைப்புக்குறியில் போடுங்கள். 623 என்று தொடங்கும் பின்கோடையும் விடாதீர்கள். அறிவிப்பாளர் பின்கோடை வாசிக்கப் போவதில்லை. பதில் அட்டை அனுப்புகிறவருக்கு அது வேண்டும்.

பாராட்டி எழுதினால் வாசிக்கிறார்கள், குறை சொன்னால் விழுங்கிவிடுகிறார்கள். ஏன்?

ஏனென்றால் அது அவர்கள் வீடு. ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்த வீட்டுச் சாப்பாட்டைக் குறை சொன்னால், அதை ஒலிபெருக்கி வைத்து ஊருக்குச் சொல்வார்களா? எனக்கு இது புரிய இருபது வருஷம் ஆனது. இப்போதும் முழுசாக ஏற்றுக்கொள்ளவில்லை.

என் அனுபவத்தையே சொல்கிறேன். ஒரு நிலையத்தின் மீனவர் நிகழ்ச்சியில் காற்றின் வேகத்தை ஒரு நாள் கிலோமீட்டரில் சொல்வார்கள், மறுநாள் 'நாட்' கணக்கில் சொல்வார்கள். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். "காற்று 30" என்று காதில் விழுந்தால், கிலோமீட்டர் என்றால் வலையைத் தூக்கிக்கொண்டு போகலாமா என்று மீனவன் யோசிப்பான். நாட் என்றால் 55 கிலோமீட்டருக்கு மேல், வீட்டில் படுத்துக்கொள்ள வேண்டிய காற்று. படகில் இன்ஜின் சத்தத்துக்கு நடுவில் எண் மட்டும்தான் கேட்கும், அலகு கேட்காது. இதைத்தான் இரண்டு பக்கம் எழுதினேன். முதல் வரியில் மரியாதைக்கு "உங்கள் மீனவர் நிகழ்ச்சியைத் தவறாமல் கேட்டு வருகிறேன், பயனுள்ளதாக இருக்கிறது" என்று போட்டிருந்தேன். ஒரு மாதம் கழித்து வாசித்தார்கள். முதல் வரியை மட்டும். "மண்டபம் நேயருக்கு நன்றி. அடுத்த கடிதம்..."

அன்றைக்குக் கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரை எறிந்தது உண்மை.

அதற்குப் பிறகு வந்த புத்தியையும் சொல்கிறேன். குறையைக் குறையாக எழுதினால் அறிவிப்பாளர் கையில் அது சங்கடம். கேள்வியாக எழுதினால் அது அவருக்கு ஒரு நிகழ்ச்சி. "நாட் என்றால் எத்தனை கிலோமீட்டர் என்று படகில் போகும் எங்கள் பையன்களுக்கு விளக்க முடியுமா?" என்று நாலு வரியில் அஞ்சலட்டையில் எழுதினேன். முழுசாக வாசித்து, விளக்கமும் கொடுத்தார்கள். அதற்கப்புறம் இரண்டு அலகையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தார்கள். என் கடிதத்தால்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

பாராட்டு வரியை முதலில் போடாதீர்கள் என்பது இன்னொரு பாடம். வெட்டுகிறவர்கள் மேலிருந்து கீழே வெட்டுவதில்லை, கீழிருந்து மேலே வெட்டுகிறார்கள்.

சின்போ எண் என்கிறார்களே, அது என்ன? போட்டே ஆக வேண்டுமா?

பாட்டுக் கேட்டு எழுதுகிறவருக்கு வேண்டாம். சிற்றலை நிலையத்துக்கு "உங்கள் ஒலி எங்கள் ஊரில் இப்படிக் கேட்கிறது" என்று தகவல் எழுதி, அதற்கு அத்தாட்சியாக க்யூஎஸ்எல் அட்டை கேட்பவருக்கு வேண்டும். ஐந்து எண்கள். சிக்னலின் பலம், பக்கத்து நிலையத்தின் குறுக்கீடு, இரைச்சல், அலை ஏறி இறங்குவது, கடைசியாக மொத்தத் தரம். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மார்க்.

நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தப்பு செய்வது மூன்றாவது எண்ணில்தான். இரைச்சல் அதிகம் என்றால் 5 போட்டுவிடுகிறார்கள். கிடையாது. எல்லா எண்ணிலும் 5 என்றால் நல்லது, 1 என்றால் மோசம். இரைச்சலே இல்லாவிட்டால்தான் 5. கரகரவென்று ஒன்றும் புரியாவிட்டால் 1. கீழக்கரையிலிருந்து ஒரு பெரியவர் ரேடியோவையும் கையோடு கொண்டு வந்து, "காக்கா, நானும் ஆறு மாசமா எழுதுறேன், ஒரு அட்டை வரலியே" என்றார். (கீழக்கரைப் பக்கம் காக்கா என்றால் அண்ணன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், ஆனாலும் எல்லோரும் அவருக்குக் காக்காதான்.) நகலை வாங்கிப் பார்த்தால் சிக்னல் 5, குறுக்கீடு 5, இரைச்சல் 5, மொத்தம் 1. படிக்கிற இன்ஜினியருக்குத் தலை சுற்றியிருக்கும்.

இன்னொரு தப்பு, எல்லாவற்றுக்கும் 5 போட்டு நிலையத்தைக் குளிர்விப்பது. ஒலிபரப்பு சரியாக வந்து சேருகிறதா என்று அறியத்தான் அவர்கள் கேட்கிறார்கள். உண்மையில் 4-3-4-3-3 என்றால் அப்படியே எழுதுங்கள். குறுக்கே நிற்கும் நிலையம் எது, அது எந்த மொழி என்றும் எழுதினால், உங்கள் கடிதம் பீரோ மேல் போகாது. குறை சொன்னால் வரவேற்கிற ஒரே மேஜை அந்த இன்ஜினியரின் மேஜைதான். கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கேட்டு, நிகழ்ச்சியில் என்ன வந்தது என்று நாலு விவரமும் எழுத வேண்டும். கேட்காமலே அட்டை வாங்கப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான்.

நேரத்தை யூடிசியில் எழுதச் சொல்கிறார்களே?

யூடிசி என்பது உலகத்துக்கே பொதுவான நேரம். நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழித்தால் அது. இரவு 8 மணி என்றால் 14.30. இதில் ஒரு வழுக்குப் பாறை இருக்கிறது: விடியற்காலை ஐந்தரைக்கு முன்னால் கேட்டால் தேதியும் ஒரு நாள் பின்னால் போகும். 10ஆம் தேதி காலை 4 மணி என்பது யூடிசியில் 9ஆம் தேதி 22.30. கடலுக்குப் போகிறவர்கள் அந்த நேரத்தில்தான் ரேடியோ கேட்கிறார்கள், அவர்கள் அனுப்பும் தகவலெல்லாம் தேதி மாறிப் போய் விழுகிறது.

இலங்கை நிலையங்களுக்கு எழுதியவர்கள் பத்து வருஷம் இதைவிடப் பெரிய குழப்பத்தில் இருந்தார்கள். அதுவரை இரண்டு கரைக்கும் ஒரே நேரம். 1996 மே மாதம், மின்சாரப் பற்றாக்குறை என்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். அதே அக்டோபரில் அரை மணி நேரம் பின்னால் இழுத்தார்கள். நமக்கும் அவர்களுக்கும் அரை மணி நேர வித்தியாசம். 2006 ஏப்ரல் 15 அன்று மறுபடி நம் நேரத்துக்கே வந்தார்கள். இடைப்பட்ட காலத்தில், "ஏழு மணி நிகழ்ச்சியைக் கேட்டேன்" என்று எழுதியவர்களுக்கு "ஏழு மணிக்கு எங்களிடம் அந்த நிகழ்ச்சி இல்லையே" என்று பதில் வந்தது. இருவர் சொன்னதும் சரி.

"உங்கள் பகுதிக்கு நாங்கள் ஒலிபரப்புவதில்லை" என்று பதில் வந்தது. ஆனால் எனக்குத் தெளிவாகக் கேட்கிறதே, நான் பொய் சொல்கிறேனா?

இல்லை. கடல் செய்கிற வேலை.

மத்திய அலை பகலில் தரையை ஒட்டி ஓடுகிறது. வறண்ட நிலம் அதை உறிஞ்சிவிடும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் கடல் மேல் அது வெகுதூரம் தாங்கும். மதுரையில் கேட்காத கொழும்பு நம் கரையில் பட்டப்பகலில் கேட்பதற்கு அதுதான் காரணம். பொழுது சாய்ந்தால் மேலே வானத்தில் அலையை விழுங்குகிற அடுக்கு கரைந்துவிடும், தூரத்து நிலையங்களெல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழும். அந்தப் பக்கமும் இதே கதைதான்: தூத்துக்குடி ஆகாசவாணியின் 1053 கிலோஹெர்ட்ஸ், 200 கிலோவாட் ஒலிபரப்பு இலங்கையை எட்டும்படி அமைக்கப்பட்டது.

பண்பலை நேர்கோட்டில்தான் போகும் என்பார்கள். சரிதான். ஆனால் தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டர் கூட வராது, நடுவில் மலையா மரமா? காற்று அடங்கிய நாளில், பெண்கடல் என்று நாங்கள் சொல்கிற பாக் நீரிணைப் பக்கம், கடல் மேல் வெப்பக் காற்று ஒரு மூடி போல நின்றால் பண்பலையும் அதற்குள் குழாயில் போவது போல ஓடும். அன்று ராமேசுவரத்து ஆட்டோவிலெல்லாம் சிலோன் பாட்டுதான்.

இதையெல்லாம் பதில் கடிதத்தில் எழுதி வாக்குவாதம் செய்யாதீர்கள். கைபேசியில் ஒரு நிமிஷம் பதிவு செய்து அனுப்புங்கள். ஒரு நிமிஷ ஒலிக்கு முன்னால் எந்த அதிகாரியும் "கேட்காது" என்று சொல்ல முடியாது.

ஐம்பது காசு அஞ்சலட்டையில் போட்டி விடை அனுப்பலாமா?

கூடாது. வானொலி, தொலைக்காட்சிப் போட்டிகளுக்கென்று தனியாகப் போட்டி அஞ்சலட்டை இருக்கிறது, பத்து ரூபாய். சாதா அட்டையில் விடை எழுதியவர்கள் ஜெயித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கருத்து எழுத ஐம்பது காசு அட்டையே போதும். அதில் இடம் கொஞ்சம் என்பதே அதன் நல்ல குணம்.

இலங்கைக்குக் கடிதம் போய்ச் சேர ஏன் இவ்வளவு நாள்? கண்ணுக்குத் தெரிகிற தூரம்தானே?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வரும், ஒரு மாதிரி எரிச்சலும் வரும். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் மெட்ராஸிலிருந்து தனுஷ்கோடிக்கு ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில் என்று தபால் நேரே போயிற்று. அந்த ரயிலுக்கே போட் மெயில் என்று பெயர். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை எடுத்துக்கொண்டு போனது. ராமேசுவரத்திலிருந்து கொஞ்ச காலம் கப்பல் ஓடியது, இலங்கையில் சண்டை தொடங்கியதும் அதுவும் நின்றது. இப்போது மண்டபத்தில் நான் போடும் கடிதம் அறுநூறு கிலோமீட்டர் வடக்கே சென்னைக்குப் போய், விமானம் ஏறி, தெற்கே கொழும்புக்கு வருகிறது. அவர்கள் குரல் ஒரு நொடியில் இந்தக் கரைக்கு வருகிறது, என் பதில் மாநிலத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது.

1925இல் கொழும்பில் வானொலி தொடங்கியது, 1949இல் ரேடியோ சிலோன் என்று பெயர் வைத்தார்கள், அறிவிப்பாளர் மயில்வாகனம் காலத்திலிருந்து அப்துல் ஹமீத் காலம் வரை இந்தக் கரையில் அவர்கள் பெயர் தெரியாத வீடு கிடையாது. அவ்வளவு சொந்தமாக நினைத்த நிலையத்துக்கு ஒரு வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டும்போது கை கொஞ்சம் தயங்கத்தான் செய்யும்.

இணையத்தில் படிவம் இருக்கிறதே, அதில் எழுதினால் வேகமாகப் போகாதா?

போகும், நீங்கள் அதைத் தாண்டினால். ஒரு நிலையத்தின் படிவத்தை என் மகன் திறந்து கொடுத்தான். தமிழில் முக்கால் மணி நேரம் தட்டினேன். தொலைபேசி எண் எட்டு இலக்கம்தான் இருக்க வேண்டும் என்று சிவப்பில் கத்தியது. நம் எண் பத்து. இரண்டை வெட்டி ஏமாற்றினேன். அப்புறம் நான் மனிதன்தானா என்று சோதனை. டிராஃபிக் சிக்னல் உள்ள படங்களைத் தொடு என்றது. ஒவ்வொரு படமாகத் தொட்டுக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது, மோடமும் போனது, எழுதியதும் போனது. மறுநாள் மறுபடி எழுதி அனுப்பினேன். "உங்கள் செய்தி கிடைத்தது" என்று அடுத்த நொடியே பதில் வந்தது. கூடவே நான் எழுதியதன் நகல். ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை, வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. என் மனநிலையும் அதுதான்.

முதலில் கைபேசியின் நோட்ஸில் எழுதிச் சேமித்துவிட்டு, பிறகு நகலெடுத்து ஒட்டுங்கள். கேள்விக்குறி வந்தால் தாளில் எழுதிப் படம் பிடித்து மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

ஒரே ஆளின் கடிதத்தைத்தான் வாராவாரம் வாசிக்கிறார்கள்!

ஆமாம். அவர் வாராவாரம் எழுதுகிறார். அவர் கையெழுத்து நன்றாக இருக்கும்.

பாம்பன் கடல் ஓசைக்கு எழுதினால் சுலபமா?

எழுதவே வேண்டாம், நேரில் போகலாம். 90.4 பண்பலையில் 2016இலிருந்து மீனவர்களுக்காக நடக்கிற சமுதாய வானொலி. சமுதாய வானொலிகளுக்கு விதிப்படி பொதுவாக 100 வாட்தான், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போகும். அறிவிப்பாளரை மீன் ஏலத்தில் பார்க்கலாம், டீக்கடையில் பார்க்கலாம். பெயரைத் தப்பாகச் சொல்ல மாட்டார்கள், உங்கள் அப்பா பெயரும் அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் அங்கேயும் மனக்குறையோடு திரும்புகிறவர்கள் உண்டு. சமுதாய வானொலியில் சொந்தமாகச் செய்தி, நடப்பு அரசியல் சொல்லக்கூடாது என்பது மத்திய அரசின் விதி. இது தெரியாமல், எல்லைப் பிரச்சினை, படகு பிடிபட்ட விஷயம் எல்லாவற்றையும் பொருமித் தள்ளலாம் என்று போனால், காற்று, மீன் வளம், பிள்ளைகள் படிப்பு, பாட்டு என்றுதான் பேசச் சொல்வார்கள். அவர்கள் பயந்தவர்கள் என்று அர்த்தமில்லை, உரிமம் அப்படி. இன்னொன்று, கேட்பவர்கள் எல்லோரும் பக்கத்துத் தெரு. ஐஸ் கம்பெனிக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் சாயங்காலம் அவரே வீட்டுக்கு வந்துவிடுவார்.

நான் எழுதிய தகவலை என் பெயர் சொல்லாமல் பயன்படுத்திவிட்டார்கள்.

கோபப்படுங்கள், நியாயம்தான். நகல் வைத்திருந்தால் தேதியோடு ஒரு அட்டை போடுங்கள். நகல் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். கடிதம் எழுதினால் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள் என்று எத்தனை தடவை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை. என் கடைக்கு எதிரிலேயே ஜெராக்ஸ் கடை இருக்கிறது.

எழுதிக்கொண்டிருக்கும்போதே நிலையத்தை மூடிவிட்டால்?

மூடினார்கள். பிபிசி தமிழோசை 1941இல் தொடங்கி, 2017 ஏப்ரல் 30 அன்று சிற்றலையில் கடைசியாகப் பேசியது. ஒன்பதே கால் மணிக்கு அந்தக் குரலைக் கேட்டு விளக்கை அணைத்துத் தூங்கிய தலைமுறை இந்தக் கரையில் இருந்தது. அந்த மாதம் என் கடைக்கு நாலு பேர் வந்து, செட்டில் கோளாறு, சிற்றலை வேலை செய்யவில்லை என்று கொடுத்துவிட்டுப் போனார்கள். பிரித்துப் பார்த்தேன். செட்டில் ஒன்றுமில்லை. காசு வாங்காமல் திருப்பிக் கொடுத்தேன். ஒருவர் மட்டும் நம்பவே இல்லை, ராமநாதபுரத்தில் வேறு கடையில் காட்டிவிட்டு வந்தார்.

ஒரு நிலையத்தை நிறுத்தினால் அனுப்பிய கடிதத்துக்குப் பதில் வராது. சிலருக்குக் கடிதம் திரும்பி வந்தது. அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், பதில் வந்ததைவிடப் பத்திரமாக.

எத்தனை தடவை எழுதிப் பார்க்கலாம்?

அட்டை கேட்டு எழுதியது என்றால் மூன்று மாதம் பொறுத்து ஒரு நினைவூட்டல். கூடவே பழைய கடிதத்தின் நகல். அதற்கும் வராவிட்டால் இரண்டாவது நினைவூட்டல் வேண்டாம், புதிதாக நிகழ்ச்சியைக் கேட்டுப் புதுத் தகவல் அனுப்புங்கள். பழைய கடன் கேட்டு வருபவரை யாருக்கும் பிடிக்காது.

கருத்து என்றால், சொல்ல விஷயம் இருக்கிற வரைக்கும்.

உங்கள் கடிதத்தை முழுசாக வாசித்திருக்கிறார்களா அண்ணே?

நாட் கணக்கைச் சொன்னேனே, அது ஒன்று. இன்னொன்றும் வாசித்திருக்கிறார்கள் என்று கேள்வி.

பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் அது எத்தனாம் எண் என்பதோடு, அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்றும் ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள் என்று ஒரு நிலையத்துக்கு மூன்று பக்கம் எழுதினேன். சுருக்கமாக எழுது என்று ஊருக்குச் சொல்கிறவன்தான். ஏழு வாரம் ரேடியோவை விட்டு நகரவில்லை. எட்டாவது வாரம் ஒரு கல்யாணத்துக்காகப் பரமக்குடி போக வேண்டியதாயிற்று. அன்றைக்குத்தான் வாசித்தார்கள்.

எனக்கு அது தெரிந்ததே நாலு நாள் கழித்து. நாட்டுப்படகில் போகும் பையன் ஒருவன் சார்ஜர் வாங்க வந்தவன், "அண்ணே, உன் பேரு ரேடியோல வந்துச்சு" என்றான். எனக்குக் கையில் இருந்த வேலை நின்றுபோனது. என்ன சொன்னார்கள், எவ்வளவு நேரம் வாசித்தார்கள், பதில் என்ன சொன்னார்கள் என்று கேட்டுக்கொண்டே போனேன். அவன் தலையைச் சொறிந்தான்.

"மண்டபம்னு கேட்டுச்சுண்ணே. உன் பேரு கேட்டுச்சு. அப்புறம் இன்ஜினைப் போட்டுட்டோம்."